பையின் அளவும் வேரின் கணக்கும்

நர்சரியில் ஒரே ரக மாங்கன்று மூன்று விலைகளில் கிடைக்கும். வாசலருகே சின்னப் பைகளில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரிசை. அதற்குப் பின்னால் நடுத்தரப் பைகளில் இடுப்புயரம். சுவரோரம் பெரிய பைகளில் ஆளுயரத்துக்கு வளர்ந்து, கிளை விட்டு, இரண்டொரு பிஞ்சும் காட்டியபடி சில செடிகள். மூன்றும் பங்கனப்பள்ளிதான், மூன்றும் ஒட்டுச்செடிதான். விலை மட்டும் பல மடங்கு ஏறும். வாங்க வந்தவரின் கண் பெரும்பாலும் பிஞ்சு தொங்கும் செடியில்தான் நிற்கும். பணம் கூடப் போனாலும் இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு மிச்சம் என்று மனம் கணக்குப் போடும்.

சில செடிகளுக்கு அந்தக் கணக்கு சரி. பல மரங்களுக்குத் தவறு. எதற்குச் சரி, எதற்குத் தவறு என்று தெரிய வேண்டுமானால் பையின் அளவு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்குவது இலையையும் கிளையையும் என்று நினைக்கிறோம். நட்ட பிறகு அந்த மரம் பிழைப்பதும், ஓங்குவதும், புயலில் நிற்பதும் கண்ணுக்குத் தெரியாத வேரைப் பொறுத்தவை. அந்த வேர் எவ்வளவு இடத்தில், எத்தனை நாள் வளர்ந்தது என்பதற்கு நம் கையில் இருக்கும் முதல் தடயம் பை.

12×12 என்றால் எவ்வளவு மண்?

நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் பாலித்தீன் பைகள் அங்குலக் கணக்கில் புழங்குகின்றன. 6×8, 12×12, 21×21 என்று சொல்வார்கள். முதல் எண் அகலம், அடுத்தது உயரம். இந்த அகலம் காலிப் பையைத் தட்டையாக விரித்து அளந்தது. மண் நிரப்பியதும் பை உருளையாகிவிடுகிறது, அகலம் சுருங்கிவிடுகிறது.

12×12 பையையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 12 அங்குலம், பின்பக்கம் 12 அங்குலம், ஆகச் சுற்றளவு 24 அங்குலம். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 7.6 அங்குலம்தான் வருகிறது. அடிப்பகுதி மடங்குவதிலும், தண்ணீர் ஊற்ற மேலே விடும் இடைவெளியிலும் உயரத்தில் மூன்று அங்குலம் போய்விடும். மீதி 9 அங்குல உயரத்துக்குள் இருக்கும் மண் 7 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இதே எண்ணைத் தொட்டிக் கடையில் சொல்லிப் பாருங்கள். 12 அங்குலத் தொட்டி என்றால் அங்கே வாயின் விட்டம் 12 அங்குலம். அடி குறுகி 9 அங்குலம், மண் நிற்கும் உயரம் 10 அங்குலம் என்று கொண்டால் சுமார் 14 லிட்டர் மண் பிடிக்கும். மாடித்தோட்டத்துக்கென்று வரும் வட்ட அடி கொண்ட குரோ பேக்கில் 12×12 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் நிரப்பிய பிறகுள்ள விட்டமும் உயரமும். அதில் 20 லிட்டர் மண் போகும். ஆக, ஒரே எண்ணுக்கு மூன்று கடைகளில் 7 லிட்டர், 14 லிட்டர், 20 லிட்டர். தொலைபேசியிலோ இணையத்திலோ வாங்கும்போது இது தட்டை அளவா, நிரப்பிய அளவா என்று கேட்காமல் விலையை ஒப்பிட முடியாது.

இன்னொரு கண்ணாமூச்சி, கொள்ளளவு ஏறும் வேகம். தொட்டியின் எல்லா அளவுகளும் இரட்டிப்பானால் மண் எட்டு மடங்காகும். 6 அங்குலத் தொட்டிகள் எட்டில் உள்ள மண்ணை ஒரு 12 அங்குலத் தொட்டி விழுங்கிவிடும். 10 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் பார்வையில் அதிக வித்தியாசம் தெரியாது, ஆனால் மண் ஏறத்தாழ 70 சதவீதம் கூடுகிறது. 21×21 தட்டைப் பை நிரம்பினால் 40 லிட்டரை எட்டும். செம்மண் கலவை நனைந்திருக்கும்போது அதை இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்திலிருந்து விடுபட எளிய வழி, எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்றிவிடுவது. தையல் டேப் ஒன்று போதும். பையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மண்ணின் உயரத்தாலும் பெருக்கி, 12.57ஆல் வகுக்க வேண்டும். அதை 1000ஆல் வகுத்தால் லிட்டர். சுற்றளவு 60 செ.மீ., மண் உயரம் 23 செ.மீ. என்றால் 6.6 லிட்டர். செல்போனிலேயே போட்டுவிடலாம்.

செய்பவரின் கணக்கில் பிறந்த எண்கள்

அளவுகளில் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் மண்தொட்டிகள் கோலோச்சிய காலத்தில், குறிப்பிட்ட அளவு களிமண்ணிலிருந்து எத்தனை தொட்டிகள் வருமோ அந்த எண்ணே தொட்டியின் பெயராக இருந்தது. 'அறுபது' என்றால் ஏறத்தாழ 3 அங்குலத் தொட்டி, 'முப்பத்திரண்டு' என்றால் ஏறத்தாழ 6 அங்குலம். எண் சிறுத்தால் தொட்டி பெருக்கும். இன்று அங்கே சிறு செடிகளை 9 செ.மீ. தொட்டியிலும், அதற்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் 2 லிட்டர், 3 லிட்டர், 10 லிட்டர் என்று கொள்ளளவைச் சொல்லியும் விற்கிறார்கள்.

அமெரிக்காவில் 'ஒரு காலன் தொட்டி' என்று பல ஆண்டுகளாக விற்கப்படுவதில் உண்மையில் ஒரு காலன் மண் இருப்பதில்லை. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். வணிகத்தில் புழங்கும் அந்தத் தொட்டியில் பெரும்பாலும் 3 லிட்டர் அளவுக்கே மண் பிடிக்கும். இதனால் அங்குள்ள நாற்றுப்பண்ணைத் தரநிலைகள் காலன் என்ற சொல்லை விட்டு, தொட்டிகளை 1, 3, 5 என்று எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் கொள்ளளவில் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வகுத்திருக்கின்றன. குயவர், பிளாஸ்டிக் ஆலை, லாரிக்காரர் ஆகியோரின் வசதிக்காகப் பிறந்த எண்கள் இவை. செடிக்கு எவ்வளவு மண் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து இவை பிறக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தாவரவியலாளர்கள்தான் கேட்டார்கள்.

வேர் சுவரைத் தொட்ட பின்

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் பூர்ட்டரும் அவருடைய சகாக்களும் 2012இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். தொட்டியின் அளவுக்கும் செடியின் வளர்ச்சிக்கும் உள்ள உறவை அளந்த 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தொட்டியின் கொள்ளளவு இரட்டிப்பானால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடியது. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைந்ததற்கு முதன்மைக் காரணம், ஒரே பரப்புள்ள இலை முன்பைவிடக் குறைவாக ஒளிச்சேர்க்கை செய்ததுதான். மண்ணுக்குள் இடம் தீர்ந்த செய்தி இலைக்கு எட்டி, இலை தன் வேலையைச் சுருக்கிக்கொள்கிறது.

இதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேருகின்றன. முதலாவது தண்ணீர். நல்ல கலவையில் ஒரு லிட்டர் மண், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக ஏறத்தாழக் கால் லிட்டரைத்தான் வைத்திருக்கும். 6×8 பையில் இருப்பது ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டிய மண். தழைத்து நிற்கும் ஒரு செடி சித்திரை வெயிலில் அந்தக் கால் லிட்டரை மதியத்துக்குள் உறிஞ்சிவிடும். நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் இரண்டு வேளை தண்ணீர் பாய்ச்சுவதால் அது தாக்குப்பிடிக்கிறது. நம் வீட்டுக்கு வந்து மறுநாளே வாடினால் செடிக்கு நோய் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதன் தண்ணீர்க் கையிருப்புத் தீர்ந்திருக்கும்.

இரண்டாவது வெப்பம். பை சின்னதாக ஆக, உள்ளிருக்கும் மண்ணோடு ஒப்பிட்டால் வெயில் படும் மேற்பரப்பு அதிகம். கறுப்பு நெகிழிப் பையின் மேற்குப் பக்க மண் கோடையில் காற்றைவிடச் சூடாகிவிடும். மண்ணின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பெரும்பாலான செடிகளின் வேர் வளர்ச்சி தடுமாறத் தொடங்கும். வெயிலில் தனியாக நின்ற பையைக் கிழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளுத்த உயிர்வேரும், வெயில் அறைந்த பக்கம் பழுப்பேறிச் செத்த வேரும் இருப்பதைக் காணலாம். பைகளை நெருக்கமாக அடுக்கி வைக்கும் நர்சரி, இடத்தை மிச்சம் பிடிப்பதோடு வேரையும் காக்கிறது.

மூன்றாவது வேரின் நுனி. அது ஈரத்தையும் ஈர்ப்புவிசையையும் உணர்ந்து நகர்கிறது. பையின் சுவரை முட்டியதும் திரும்பி, சுவரோடு ஒட்டியபடி கீழிறங்கி, அடியில் சுற்றுகிறது. காந்த அதிர்வுப் படமெடுப்பின் மூலம் தொட்டிக்குள் பார்த்த யூலிஷ் ஆய்வாளர்கள், வேர்த்தொகுதியின் பெரும்பகுதி தொட்டியின் வெளிவட்டத்திலேயே குவிந்திருப்பதைக் கண்டார்கள். நடுவிலுள்ள மண் பாதி காலியாகக் கிடக்க, எல்லா வேரும் சுவரோரத்தில் நெருக்கியடிக்கும். வெப்பமும் வறட்சியும் முதலில் தாக்குவதும் அதே சுவரோரத்தைத்தான்.

பெரிய பை என்றால் நல்லதா?

அப்படியானால் சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்துவிட்டால் பிரச்சினை தீருமே என்று தோன்றும். இங்கே குறுக்கே வருவது தண்ணீரின் இயற்பியல்.

பாத்திரம் தேய்க்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கை வசமாக வையுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இனி ஒரு சொட்டும் விழாது என்றானதும், பிழியாமல், அதை நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் கூடியதும் கீழே இழுக்கும் ஈர்ப்பு, நுண்துளைகளின் பிடிப்பை வென்றுவிட்டது. ஆனாலும் அடியில் ஒரு பட்டை எப்போதும் சொதசொதவென்று இருக்கும்.

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் இப்படி ஒரு நனைந்த அடுக்கு உண்டு. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண் கலவையின் துகள் அளவு. தொட்டி அகலமா குறுகலா என்பதற்கு அதில் பங்கில்லை. நைசான கலவையில் அந்த அடுக்கு சில அங்குலம் இருக்கும். 12 அங்குல ஆழமுள்ள தொட்டியில் அது ஒரு சிறு பகுதி, 4 அங்குல ஆழமுள்ள தட்டைத் தொட்டியில் அது முக்கால் தொட்டி. கொள்ளளவு ஒன்றாகவே இருந்தாலும், ஆழமான தொட்டியில் வேருக்குக் காற்று அதிகம் கிடைப்பது இதனால்தான். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நனைந்த அடுக்கில் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பலரும் செய்கிறோம். நைசான மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆகவே நனைந்த அடுக்கு ஜல்லியின் தலைமேல் போய் உட்காரும், வேருக்கு உள்ள இடம்தான் குறையும். துளையில் மண் ஒழுகாமலிருக்க ஓர் ஓட்டாஞ்சில்லு வைத்தால் போதும்.

விரலளவு நாற்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணிலுள்ள தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை. செம்மண்ணோ வண்டலோ அதிகமுள்ள கலவை நாள்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்து பொலபொலவென்று இருந்தால் ஆபத்து குறைவு. தொட்டி மாற்றும்போது விட்டத்தில் இரண்டு மூன்று அங்குலம் கூடிய அடுத்த அளவுக்குப் போகும் பழக்கம் இந்தக் காரணத்தால்தான் நிலைத்திருக்கிறது.

சுற்றிய வேர் நிமிராது

தொட்டிச் செடிக்கு வேர் சுற்றுவது தற்காலிகத் தொல்லை. மரத்துக்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும் கோளாறு. வேர் ஒருமுறை தடித்து மரத்தன்மை அடைந்துவிட்டால் இடம் மாறாது. பையில் வளையமாகச் சுற்றிய வேர், நிலத்தில் நட்ட பிறகும் அதே வளையமாகவே பருக்கிறது. தண்டும் பருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். தண்டின் வழியே உணவும் நீரும் செல்லும் பாதை இறுகும். எல்லாத் திசைகளிலும் பரந்து ஊன்ற வேண்டிய வேர் ஒரே இடத்தில் சுருண்டு கிடப்பதால், பலத்த காற்றில் மரத்துக்குப் பிடிமானமும் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. மரம் விழக் காரணங்கள் பல: மண், காற்றின் வேகம், வேரைச் சூழ்ந்த கான்கிரீட், மரத்தின் இனம். இனத்தைத் தேர்வதைத் தவிர வாங்குபவரின் கையில் இருக்கும் காரணம், பைக்குள் வேர் எப்படி வளர்ந்தது என்பது ஒன்றுதான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு பையின் நடுவில் ஒளிந்திருக்கும். மேட்டுப்பாத்தியில் முளைத்த நாற்றைப் பிடுங்கிப் பைக்கு மாற்றும்போது, குச்சியால் குத்திய குழி ஆழமில்லாவிட்டால் ஆணிவேரின் நுனி மேல்நோக்கி மடங்கிவிடும். சில நொடிகளில் நடக்கும் தவறு இது. கன்று சில வருடம் நன்றாகவே வளரும். பாரம் ஏறியபின் மடங்கிய இடம் தாங்காது.

இதற்குத் தீர்வு தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் கார்ல் விட்கோம்ப். 1960களின் இறுதியில் அவர் பால் அட்டைப்பெட்டிகளின் அடியை நீக்கி, கம்பி வலைமேல் உயர்த்தி வைத்து மரக்கன்றுகளை வளர்த்தார். கீழிறங்கிய வேர்நுனி காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றது. நுனி நின்றதும் அதற்குப் பின்னாலிருந்து புதுப் பக்கவேர்கள் கிளைத்தன. சுற்றி வளைய வேண்டிய ஒரு நீள வேருக்குப் பதில் நாலாபக்கமும் நெருங்கிய குட்டை வேர்கள் கிடைத்தன. நம் வனத்துறை நாற்றங்கால்களிலும் சவுக்குப் பண்ணைகளிலும் பயன்படும் ரூட் டிரெய்னர் குழல்கள் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. உட்சுவரில் செங்குத்தான வரிகள் இருப்பதால் வேர் சுற்ற முடியாமல் நேரே கீழிறங்கும். அடி திறந்திருப்பதால் காற்றே அதைக் கத்தரிக்கும். கால் லிட்டர் மண்கூட இல்லாத அந்தக் குழலில் வளர்ந்த கன்று, ஏழு லிட்டர் பையில் மூன்று வருடம் சுருண்டு கிடந்த கன்றைவிட நல்ல வேரோடு நிலத்துக்குப் போகிறது.

பையை மீறிய மரம், பைக்கு எட்டாத செடி

வாங்கும்போது பையின் அளவையும் செடியின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாத இரு நிலைகள் உண்டு.

ஒன்று, சின்னப் பையில் பெரிய மரம். பத்தடி உயரப் புங்கன் 12×12 பையில் செழிப்பாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு லிட்டர் மண்ணால் அவ்வளவு தழையைத் தாங்க முடியாது. பையின் துளை வழியே ஆணிவேர் வெளியேறி நர்சரித் தரைக்குள் இறங்கியிருக்கும். மரத்தை வளர்த்தது அந்தத் தரை. விற்கும்போது பையை ஆட்டி இழுப்பார்கள், வேர் முறியும் சத்தம் கேட்கும். தன் பெரும்பங்கு வேரை நர்சரியிலேயே விட்டுவிட்டு நம்மோடு வருகிறது அந்த மரம். ஒரு வாரத்தில் இலை கொட்டுவதற்குக் காரணம் இதுதான். நல்ல நாற்றுப்பண்ணைகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றுவார்கள். வெளியே நீளும் வேர் இளசாக இருக்கும்போதே அறுபட்டு, பைக்குள் புதுவேர் கிளைக்கும்.

மற்றொன்று, பெரிய பையில் சின்ன வேர். 6×8 பையில் இருந்த செடியைச் சென்ற வாரம் 12×12 பைக்கு மாற்றியிருப்பார்கள். விலை பெரிய பைக்குரியது, வேர் சின்னப் பைக்குரியது. தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். பை முழுதும் சேர்ந்து அசைந்தால் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. செடி மட்டும் தனியாக ஆடி, சுற்றியுள்ள மண் பொலபொலத்தால் மாற்றி அதிக நாள் ஆகவில்லை.

பை பொருத்தமாக இருந்தால் அடுத்துச் செடியையே அளக்கலாம். வனவியலில் ஒரு எளிய அளவுகோல் உண்டு. கன்றின் உயரத்தைச் சென்டிமீட்டரிலும், மண்மட்டத்தில் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 6க்கு மேல் போகக் கூடாது. 90 செ.மீ. கன்றுக்கு அடித்தண்டு 15 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட மெலிந்தால் நெருக்கத்திலும் நிழலிலும் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்தது என்று பொருள். மூங்கில் குச்சியில் கட்டி நிறுத்தியிருந்தால் கட்டை அவிழ்த்துப் பாருங்கள், தானே நிற்கிறதா என்று. விதையிலிருந்து வளர்த்த மரக்கன்றுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும், ஒட்டுச்செடிக்கு அப்படியே பொருந்தாது.

தென்னை விவசாயிகள் இந்த வழியில் பல காலமாகப் போகிறார்கள். பாத்தியில் வளர்த்து, பையே இல்லாமல் பிடுங்கி விற்கும் தென்னம்பிள்ளையில் அவர்கள் பார்ப்பது, 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 இலை, கழுத்துப் பகுதியில் 10 செ.மீ. சுற்றளவு. உயரத்தைக் கண்டு யாரும் மயங்குவதில்லை.

சின்னது முந்தும்

கேரி வாட்சன் என்ற அமெரிக்க மர அறிஞர், நிலத்திலிருந்து தோண்டியெடுத்து மாற்றி நடும் மரங்களைப் பற்றி 1985இல் ஒரு கணக்கை முன்வைத்தார். அங்குள்ள குளிர்ப் பகுதிகளில், இழந்த வேரை மரம் திரும்பப் பெறத் தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பெரிய மரம் பல ஆண்டுகள் வேரைச் சரிசெய்வதிலேயே கழிக்க, அதே நாளில் நட்ட சின்ன மரம் விரைவில் தேறி, வளர்ந்து, அதை எட்டிப் பிடித்துவிடும். நம் வெப்பநிலையில் வேர் இன்னும் வேகமாக வளரும், பைச்செடி வேரை அவ்வளவு இழப்பதும் இல்லை. ஆனாலும் அடிப்படை மாறாது. தழை அதிகம், வேர் குறைவு என்ற ஏற்றத்தாழ்வு பெரிய பையில் கூடும், அதைச் சரிசெய்யும் காலமும் கூடும்.

பிஞ்சு காட்டும் மாங்கன்றுக்கு வருவோம். ஒட்டுக்கட்டப் பயன்படும் தளிர், ஏற்கெனவே காய்க்கும் தாய்மரத்திலிருந்து வெட்டியது. அந்தத் திசு வயதுக்கு வந்தது. ஆகவே முழங்கால் உயரத்திலும் பூக்கும். பூப்பது தளிரின் முதிர்ச்சிக்குச் சான்று, வேரின் வலிமைக்குச் சான்று ஆகாது. நட்ட முதல் சில ஆண்டுகளில் வரும் பூவைக் கிள்ளிவிடச் சொல்வதும் மரம் தன் உணவை வேருக்கும் கிளைக்கும் செலவிடட்டும் என்றுதான்.

ஆக, பல பத்தாண்டுகள் நிற்க வேண்டிய மா, பலா, புங்கன், வேம்பு, மகிழம், நாவல் போன்றவற்றுக்குச் சின்னப் பையில் இளங்கன்று வாங்குவதே நல்லது. பப்பாளிக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நட வேண்டிய நாற்று அது, பையில் தேங்கினால் தேறாது. செம்பருத்தி, மல்லி, நந்தியாவட்டை போன்ற புதர்களில் கொஞ்சம் பெரிய பை வாங்கினால் உடனே பூ கிடைக்கும். சுற்றிய வேரைக் கத்தரித்தாலும் அவை தாங்கும். ஓராண்டுப் பூச்செடிகளுக்கு வேரின் எதிர்காலம் பற்றிய கவலை தேவையில்லை. பனை, பாக்கு வகை மரங்கள் தனி இனம். அவற்றின் வேர் தடித்துக்கொண்டே போவதில்லை, தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் வந்துகொண்டே இருக்கும். வேர் கழுத்தை நெரிக்கும் ஆபத்து இல்லாததால் பெரிய பையில் வாங்க விரும்பினால் அவற்றைத் துணிந்து வாங்கலாம்.

பையைக் கிழிக்கும் நேரம்

நல்ல கன்றும் தவறாக நட்டால் வீண். பையோடு குழிக்குள் இறக்குவதும், அடியை மட்டும் கீறிவிட்டு நடுவதும் மரநடு விழாக்களில் இன்றும் நடக்கிறது. பாலித்தீன் மக்காது. பையை மேலிருந்து கீழாகப் பிளேடால் கீறி முழுதாக உரிக்க வேண்டும். மண்கட்டியின் பக்கங்களில் வளைந்தோடும் வேர்களைக் கூரிய கத்தியால் ஓர் அங்குல ஆழத்துக்குச் சீவிவிடலாம். அடியில் பாய்போல் பின்னிய வேரை அறுத்தே எடுத்துவிட வேண்டும். மனம் ஒப்பாத வேலைதான். ஆனால் அறுபட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து கிளம்பும் புது வேர்கள் வெளிநோக்கி ஓடும், வளையம் அங்கேயே முடிந்துவிடும். பப்பாளி போன்ற மென்மையான வேர்களில் மட்டும் கத்தி வைக்கக் கூடாது.

தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும். ஒட்டுச்செடியில் ஒட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். முதல் சில வாரம் தண்ணீரைத் தண்டை ஒட்டிய பழைய மண்கட்டியின்மேல் விட வேண்டும். வேர் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. நீண்ட லாரிப் பயணத்தில் உடையாமலிருக்க ஒட்டும் களிமண்ணில் வளர்த்த செடிகளில் இது இன்னும் முக்கியம். அந்தக் களி ஒருமுறை காய்ந்து இறுகினால், சுற்றியுள்ள குழிமண் ஈரமாக இருந்தும் உள்ளே தண்ணீர் இறங்காது.

பையின் லிட்டர் கணக்கு பாதிச் செய்திதான். மீதிப் பாதி, செடி அதற்குள் இருந்த காலம். ஒரு லிட்டர் பையில் நான்கு மாதம் இருந்த வேம்பு நல்ல கன்று. அதே பையில் இரண்டு வருடம் கிடந்த வேம்பு, எத்தனை பச்சையாக இருந்தாலும், வேண்டாம். அதனால் விலை கேட்பதற்கு முன்னால் நர்சரிக்காரரிடம், "அண்ணே, இது எத்தன மாசமா இந்தப் பையில இருக்கு?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு கன்றின் பையை உரித்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கன்றை நீங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் மறுக்க மாட்டார். தன் வேலையில் அக்கறையுள்ளவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து பதில் சொல்வார். இப்படிக் கேட்பவர்கள் பெருகினால், உயரத்துக்கு விலை வைக்கும் நர்சரிகள் வேருக்கு விலை வைக்கத் தொடங்கும்.